ஒரு காலித் தோட்டாவும் ஒரு குட்டி லேத்தும்

ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் கழித்து மறுபடியும் ஒரு லேத் முன்னால் நிற்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. அதுவும் அமெரிக்காவில், ஒரு கார் ஷெட்டுக்குள், துப்பாக்கித் தோட்டா விஷயமாக!

கோவையில் பம்ப்செட் செய்யும் பட்டறை ஒன்றில் டர்னராகச் சேர்ந்து, போர்மேனாக வெளியே வந்தவன் நான். மொத்தம் முப்பத்து நாலு வருஷம். தொடர்ந்து படிக்கும் நண்பர்களுக்கு இது தெரிந்த கதைதான். போன கோடையில் ஒஹாயோவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே பகலில் மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள், பேரன் பள்ளிக்கூடம் போய்விடுவான். தெருவில் ஒரு ஈ, காக்கை இருக்காது. ஒருநாள் காலை நடையின்போது பக்கத்து வீட்டு ஷெட்டிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. பித்தளையில் டூல் ஓடும் சத்தம். வார்ப்பிரும்பு கரகரக்கும், ஸ்டீல் சீறும், பித்தளை மட்டும் சன்னமாகப் பாடும். எத்தனை வருஷம் ஆனாலும் அந்தக் காது போகாது.

எட்டிப் பார்த்தேன். என்னை விடப் பத்து வயது மூத்த ஒரு பெரியவர் மேஜை மேல் வைத்த ஒரு குட்டி லேத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது கிலோ இருக்கும். எங்கள் பட்டறை லேத்தின் சக்கு மட்டுமே அதில் முக்கால்வாசி எடை இருக்கும்! "நானும் லேத்காரன்தான்" என்றேன். அவர் உடனே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். பாஷை சரியாக வராவிட்டாலும் மைக்ரோமீட்டரை நீட்டினால் பேச்சு தானாக வந்துவிடும்.

அவர் செய்துகொண்டிருந்தது ஒரு தோட்டாவின் பித்தளை உறை. 140 வருஷத்துக்கு முந்தைய ஒரு பிரிட்டிஷ் துப்பாக்கிக்கு உரியது. அந்தத் துப்பாக்கி நன்றாக இருக்கிறது, ஆனால் அதற்கான தோட்டாவைப் பெரிய கம்பெனிகள் எல்லாம் எப்போதோ நிறுத்திவிட்டன. தோட்டா இல்லாத துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய்தான். அதனால் அவர் தானே செய்துகொள்கிறார். அந்த நாட்டில் சொந்த உபயோகத்துக்கு அப்படிச் செய்துகொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. நம் நாட்டில் 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டாவோ அதன் பாகமோ செய்வது குற்றம். ஆகவே இது செய்முறை விளக்கம் அல்ல. சரித்திரக் கதை என்று படியுங்கள்.

"என்ன சைஸ்?" என்று கேட்டேன். "பாயிண்ட் ஃபைவ் செவன் செவன்" என்றார். அந்த எண்ணை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் பொறி தட்டியது. 1857!

காகிதத் தோட்டா

பள்ளிக்கூடத்தில் படித்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சிப்பாய்க் கலகம் என்று அன்றைக்கும், முதல் சுதந்திரப் போர் என்று பின்னாலும் பாடம் நடத்தினார்களே, அதில் வரும் "கொழுப்பு தடவிய தோட்டா" எந்தத் துப்பாக்கிக்கு உரியது? 1853ஆம் வருஷ மாடல் என்பீல்டு. அதன் குழலின் உள்விட்டம் .577 அங்குலம். மில்லிமீட்டரில் சொன்னால் 14.66.

அந்தத் தோட்டாவில் பித்தளையே கிடையாது. காகிதச் சுருள்தான். ஒரு பக்கம் வெடிமருந்து, மறுபக்கம் ஈயக் குண்டு. சிப்பாய் காகிதத்தின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழல் வாய் வழியாகக் கொட்டி, குண்டை உள்ளே விட்டு, நீண்ட கம்பியால் இடித்து இறக்க வேண்டும். குண்டு வழுக்கிக்கொண்டு இறங்கக் காகிதத்தில் கொழுப்பு. அது பசுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா என்ற சந்தேகம் 1857 ஜனவரியில் கல்கத்தா பக்கம் டம்டம்மில் கிளம்பியது. மார்ச் 29 அன்று பாரக்பூரில் மங்கள் பாண்டே. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 90 குதிரைப் படையினரில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். மே 10 அன்று மீரட் எரிந்தது.

கொழுப்பு மட்டுமே காரணம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். முந்தின வருஷம்தான் அவத் ராஜ்யத்தைக் கம்பெனி விழுங்கியிருந்தது. சம்பளம், நிலம், மரியாதை என்று மனக்குறைகள் மலைபோலக் குவிந்திருந்தன. ஆனால் அந்தக் குவியலில் தீக்குச்சியாக விழுந்தது ஒரு காகிதச் சுருள். ஒருமுறை சுட்டதும் ஒன்றுமில்லாமல் போகும் ஒரு பொருள்!

கலகம் அடங்கிய பிறகு பிரிட்டிஷார் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள். இந்தியச் சிப்பாய் கையில் இருக்கும் துப்பாக்கி, வெள்ளைக்காரச் சிப்பாய் கையில் இருப்பதை விட எப்போதும் ஒரு தலைமுறை பழையதாக இருக்க வேண்டும். பல பத்தாண்டுகளுக்கு இதைக் கடைப்பிடித்தார்கள். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

பின்பக்கத்துக் கசிவு

குழல் வாய் வழியாக மருந்து இடிப்பது மெதுவான வேலை. படுத்துக்கொண்டே செய்ய முடியாது. பின்பக்கம் திறந்து தோட்டாவைச் செருகினால் நிமிஷத்துக்குப் பல தடவை சுடலாம். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. பின்பக்கம் திறந்து மூடுகிற எந்த இயந்திரத்திலும் ஓர் இடுக்கு இருக்கும். வெடிக்கும்போது அந்த இடுக்கு வழியாகச் சூடான வாயு பீறிட்டுச் சுடுகிறவன் முகத்தில் அடிக்கும்.

பம்ப் வேலை செய்தவர்களுக்கு இது உடனே புரியும். ஷாப்ட் சுழல வேண்டும், ஆனால் தண்ணீர் கசியக்கூடாது. அதற்குத்தானே கிளாண்ட் பேக்கிங் போடுகிறோம்? துப்பாக்கிக்கு அந்தப் பேக்கிங்தான் பித்தளை உறை. மருந்து வெடித்ததும் மெல்லிய பித்தளைச் சுவர் உப்பிக் குழலின் அறையோடு ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். குண்டு வெளியேறி அழுத்தம் குறைந்ததும் ஒரு மயிரிழை சுருங்கி, உருவ வசதியாக நின்றுவிடும். உப்பவும் வேண்டும், சுருங்கவும் வேண்டும், கிழியவும் கூடாது. இத்தனையும் ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்குக்குள் நடந்து முடிய வேண்டும். சுட்டபின் தரையில் எறிந்துவிட்டுப் போகிற பொருளுக்கு இவ்வளவு பொறுப்பு.

பிரிட்டிஷ் அரசாங்கம் சிக்கனமாக யோசித்தது. லட்சக்கணக்கான என்பீல்டு துப்பாக்கிகளைத் தூக்கிப் போட மனமில்லை. குழலின் பின்பகுதியை வெட்டி, கீல் வைத்த ஒரு கட்டையைப் பொருத்தினால் போதும் என்று ஜேக்கப் ஸ்னைடர் என்ற அமெரிக்கர் வழி காட்டினார். 1866இல் அது ஏற்கப்பட்டது. பாவம், உரிய பணம் கைக்கு வருமுன் அதே வருஷம் அவர் கடனாளியாகவே இறந்துபோனார்.

அதற்கான தோட்டாவை உருவாக்கியவர் ஊலிச் ஆயுதச்சாலையில் இருந்த கர்னல் எட்வர்டு பாக்ஸர். மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி, அடியில் ஓர் இரும்பு வட்டை வைத்து, நடுவில் ஒரு கேப்பு. தீபாவளிக்குப் பொட்டுக் கேப்பு வெடித்தவர்கள்தானே நாமெல்லாம்? அதே தத்துவம்தான். அளவு மட்டும் மாறவில்லை, அதே .577.

இங்கே ஒரு வேடிக்கை. 1866இல் இங்கிலாந்துக்காரர் பாக்ஸர் ஒரு விதமான கேப்பையும், அமெரிக்கர் ஹைரம் பெர்டான் வேறு விதமான கேப்பையும் பதிவு செய்தார்கள். காலப்போக்கில் அமெரிக்கா பாக்ஸருடையதை எடுத்துக்கொண்டது. ஐரோப்பா பெர்டானுடையதை எடுத்துக்கொண்டது. மாற்றிப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த மாதிரி! பாக்ஸர் முறையில் பழைய கேப்பை ஒரே ஊசியால் தட்டித் தள்ளிவிட்டுப் புதிது வைக்கலாம். வீட்டில் உட்கார்ந்து தோட்டாவை மறுபடி நிரப்பும் பழக்கம் அமெரிக்காவில் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பாலைவனத்தில் கிழிந்த தகடு

1871இல் மார்ட்டினி ஹென்றி துப்பாக்கி வந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் கையில் இருந்தது இந்த ரகம்தான். கைப்பிடிக்கு அடியில் இருக்கும் லீவரைக் கீழே தள்ளினால் உள்ளே கட்டை இறங்கும். தோட்டாவைச் செருகி லீவரை ஏற்றினால் தயார். இயந்திரம் ஸ்விட்சர்லாந்தில் இருந்த மார்ட்டினியுடையது, குழலின் உள்வரிகள் எடின்பரோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஹென்றியுடையது.

தோட்டாவுக்கு என்ன செய்தார்கள்? பழைய .577 உறையையே எடுத்து, சோடா பாட்டில் மாதிரி கழுத்தைக் குறுக்கி, .450 அங்குலக் குண்டைப் பொருத்தினார்கள். அதனால் இதன் பெயரே .577/450. குண்டின் எடை 480 கிரெயின், அதாவது 31 கிராம். மருந்து 85 கிரெயின், ஐந்தரை கிராம்.

உறை இன்னமும் சுருட்டிய தகடுதான். இங்கிலாந்து மழையில் சுட்டுப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. சூடான் மணலில் சரியாக இல்லை. 1885 ஜனவரி 17 அன்று அபு கிலியா சண்டையில், சூடேறிய துப்பாக்கிகள் நடுச்சண்டையில் சிக்கிக்கொண்டன. உறையை வெளியே இழுக்கும் கொக்கி இரும்பு வட்டை மட்டும் பிய்த்துக்கொண்டு வந்தது, தகடு அறைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டது. எதிரி பத்தடியில் நிற்கும்போது கத்தியால் நோண்டி எடுக்க வேண்டிய நிலை! அதற்கப்புறம்தான் ஒரே பித்தளைத் துண்டிலிருந்து இழுத்துச் செய்த முழு உறைக்கு மாறினார்கள்.

அந்த முழு உறை செய்யும் விதத்தை நம் பாத்திரக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். வட்டமாக ஒரு பித்தளைத் தகடு. அதை அச்சில் அழுத்தினால் கிண்ணம். கிண்ணத்தை இன்னும் சின்ன அச்சில் இழுத்தால் டம்ளர். இன்னும் இழுத்தால் குழாய். ஒவ்வொரு தடவை இழுத்ததும் பித்தளை முறுகிப்போகும். அப்படியே மேலும் இழுத்தால் வெடித்துவிடும். நடுநடுவே சூடு காட்டி இளக்க வேண்டும். கும்பகோணத்தில் குடம் தட்டுகிறவர் அடித்துவிட்டுச் சூடு காட்டி, மறுபடி அடிக்கிறாரே, அதே ரகசியம். ஆங்கிலத்தில் அதற்கு அனீலிங் என்று பெயர் வைத்து மெஷின் போட்டார்கள், அவ்வளவுதான்.

இதில் நம் நாட்டுக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. மழைக்காலத்தில் இந்தியாவில் படை நடமாட்டம் குறையும். பிரிட்டிஷார் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்கள். மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் பல உறைகள் தானாகவே விரிசல் விட்டிருக்கும்! யாரும் சுடவில்லை, யாரும் அடிக்கவில்லை. மழைக்காலத்தில் வரும் விரிசல் என்பதால் "பருவ விரிசல்" என்றே பெயர் வைத்தார்கள். மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூவர் 1921இல்தான் காரணத்தை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா ஒரு காரணம். இழுத்துச் செய்தபோது பித்தளைக்குள் தங்கிப்போன இறுக்கம் இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால் விரிசல். வைத்தியமும் அதே பழைய வைத்தியம்தான், மிதமாகச் சூடு காட்டி உள்ளிறுக்கத்தைப் போக்குவது.

தோட்டா எப்படிச் சாகிறது?

1888இல் சின்னக் குழல் கொண்ட .303 துப்பாக்கி வந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய் அதை எடுத்துக்கொள்ள, அவன் கீழே வைத்த மார்ட்டினி இந்தியச் சிப்பாய்க்கு வந்தது. ஒரு தலைமுறை பின்னால் என்ற கணக்கு! பிறகு இந்தியனுக்கும் .303 வந்தபோது மார்ட்டினி தோட்டாவுக்கு வேலை இல்லாமல் போனது. புதுசு வந்தால் பழசு சாவது ஒரு விதம்.

சர்க்கார் உத்தரவால் சாவது இன்னொரு விதம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் இந்திய அரசாங்கம் .450 அளவுத் துப்பாக்கிகளுக்குத் தடை போட்டது. கலகக்காரர்கள் கையில் இருக்கும் பழைய மார்ட்டினிகளுக்கு அந்தக் குண்டு பயன்பட்டுவிடும் என்ற பயம்தான் காரணம். வேட்டைக்காரத் துரைமார்களுக்காகத் துப்பாக்கிக் கம்பெனிகள் அவசரமாக .470, .465 என்று கொஞ்சம் தள்ளித் தள்ளிப் புது அளவுகளைக் கொண்டுவந்தன. கள் குடிக்கக் கூடாது என்றதும் பெயரை மாற்றி விற்ற கதை!

மூன்றாவது, வாங்க ஆள் இல்லாமல் சாவது. கென்னத் ஆண்டர்சன் கதைகளை நம்மில் பலர் படித்திருப்போம். பெங்களூர்க்காரர், சேலம் ஜில்லாக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்தவர். அவர் கையில் எப்போதும் இருந்தது .405 வின்செஸ்டர். அந்தத் தோட்டா 1904இல் பிறந்தது. பின்னாளில் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். மிச்சச் சரக்கை வைத்துத்தான் அதற்குப் பின் எல்லோரும் ஓட்ட வேண்டியிருந்தது. 2000க்குப் பிறகு ஒரு கம்பெனி அதை மறுபடி செய்ய ஆரம்பித்தது. எல்லாத் தோட்டாவுக்கும் அந்த யோகம் வாய்க்காது. வாய்க்காதவற்றுக்குத்தான் இந்தக் குட்டி லேத்.

காட்மாண்டுவிலிருந்து ஒஹாயோவுக்கு

"இந்தத் துப்பாக்கி உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?" என்று மறுநாள் கேட்டேன். "உங்கள் பக்கத்திலிருந்துதான்" என்று சிரித்தார்.

காட்மாண்டுவில் லகன் சிலேகானா என்று ஒரு பழைய அரண்மனை. ராணா பிரதமர்கள் காலத்திலிருந்து நேபாள ராணுவம் கழித்துப்போட்ட ஆயுதங்களை எல்லாம் அங்கே குவித்து வைத்திருந்தது. பிரிட்டிஷார் கொடுத்தவை, நேபாளத்திலேயே செய்தவை, எல்லாம் கலந்து கிடந்தன. 2003இல் இரண்டு அமெரிக்க வியாபாரிகள் அந்தக் குவியலை மொத்தமாக விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார்கள். பல்லாயிரக்கணக்கான துப்பாக்கிகள். என்பீல்டு, ஸ்னைடர், மார்ட்டினி, அதாவது .577 குடும்பத்தில் தாத்தா, அப்பா, பிள்ளை மூவரும் ஒரே கூரையின்கீழ் தூங்கிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பேர் கையில் மார்ட்டினி, ஆனால் தோட்டா இல்லை.

தீர்வு பிரேசிலிலிருந்து வந்தது. அங்கே ஷாட்கன்னுக்கு முழுப் பித்தளையில் தோட்டா உறை செய்கிறார்கள், 24 போர் அளவிலும் உண்டு. நம் ஊரில் தோட்டக்காரர்கள் உரிமம் வாங்கி வைத்திருக்கும் பன்னிரண்டு போர் துப்பாக்கி தெரியுமல்லவா? அந்தப் "பன்னிரண்டு" எங்கிருந்து வந்தது? ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ, அதுதான் குழலின் விட்டம். .729 அங்குலம். இருபத்து நாலு உருண்டைகளாக்கினால்? .579 அங்குலம். .577க்கும் அதற்கும் வித்தியாசம் இரண்டு தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு! அன்றைய துப்பாக்கிகள் எல்லாம் இந்த ஈய உருண்டைக் கணக்கில் பிறந்தவைதான். அதனால்தான் பிரேசில் குடியானவனின் உறை, விக்டோரியா ராணியின் துப்பாக்கிக்குப் பொருந்துகிறது.

பொருந்துகிறது என்றால் அப்படியே அல்ல. நீளத்தைக் குறைக்க வேண்டும், கழுத்தைக் குறுக்க வேண்டும், விளிம்பைச் சரிபார்க்க வேண்டும். அங்கேதான் லேத் வருகிறது. 1898இல் லண்டனில் தொடங்கிய "மாடல் இன்ஜினியர்" பத்திரிகை காலத்திலிருந்தே வீட்டில் லேத் வைத்துப் பொழுதுபோக்காக வேலை செய்யும் கூட்டம் இங்கிலாந்தில் உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு வந்த மைபோர்டு எம்.எல்.7 லேத் அவர்களுக்குக் காமதேனு. பெரியவரின் சீன லேத் அந்த வம்சத்தில் கடைக்குட்டி.

ஆனால் முதல் வேலை லேத்தில் இல்லை, அளவெடுப்பதில்தான். குழலின் அறைக்குள் வெர்னியர் நுழையாது. அதற்குச் செரோசேஃப் என்று ஒரு கலப்பு உலோகம் வைத்திருக்கிறார்கள். கொதிக்கும் தண்ணீரின் சூட்டுக்குக் கீழேயே உருகிவிடும். அறைக்குள் ஊற்றினால் இறுகி, அறையின் அச்சு அப்படியே கைக்கு வந்துவிடும். முதலில் கொஞ்சம் சுருங்கும், ஒரு மணி நேரம் கழித்துச் சரியான அளவுக்கு வந்து நிற்கும். அந்த நேரம் பார்த்து மைக்ரோமீட்டர் வைக்க வேண்டும்.

நான் பார்த்த அன்று, கழுத்தைக் குறுக்கும்போது ஓர் உறை வாயிலிருந்து விரிந்து பிளந்தது. அவசரத்தில் இளக்க மறந்துவிட்டேன் என்று நொந்துகொண்டார். வாய்ப்பக்கம் மட்டும்தான் இளக்க வேண்டும், அடிப்பக்கம் கெட்டியாகவே இருக்க வேண்டும். அதற்காக உறையைத் தண்ணீரில் நிற்க வைத்து மேல்பாதிக்கு மட்டும் சூடு காட்டுகிறார். ஸ்டீலைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் கெட்டிப்படும். பித்தளை அப்படிப் படாது, இளகியதுதான். இதை நான் சொல்ல, அவர் என் தோளில் தட்டி, "இதைப் புரியவைக்க என் மகனுக்கு ஒரு வருஷம் பிடித்தது" என்றார்.

சுவரில் தொங்கிய இன்னொன்று

அவரிடம் இன்னொரு துப்பாக்கி இருந்தது. சுவரில் மாட்டியிருந்தார், சுடுவதில்லை. பார்க்க மார்ட்டினி மாதிரிதான். ஆனால் இங்கிலாந்தில் செய்ததல்ல, நேபாளத்தில் செய்தது. பெயர் ககேந்திரா, ஜெனரல் ககேந்திர ஷம்ஷேர் ராணாவின் பெயரால் வந்தது. பிரிட்டிஷார் வேண்டிய அளவு நல்ல துப்பாக்கி தராதபோது, நேபாளத்தார் தாங்களே செய்துகொள்ளத் துணிந்த காலத்துச் சரக்கு. இதிலும் ஒரு முரண் உண்டு. 1857இல் கலகத்தை அடக்க ஜங் பகதூர் ராணா பிரிட்டிஷாருக்குப் படை அனுப்பினார். அதே நேபாளத்துக்கும் வெள்ளைக்காரன் ஒரு தலைமுறைப் பழசைத்தான் நீட்டினான்.

கையால் செய்ததால் ஒவ்வொரு ககேந்திராவின் அறையும் ஒவ்வோர் அளவு. ஒன்றுக்குச் செய்த உறை இன்னொன்றுக்குப் பொருந்தாது. அவர் செரோசேஃப் அச்சு எடுத்து வைத்திருந்தார். "இதற்கு ஒரு வெத்துத் தோட்டா செய்து உள்ளே வைக்க ஆசை. மருந்தும் வேண்டாம், கேப்பும் வேண்டாம், கட்டிப் பித்தளை போதும். நீங்கள் செய்து தருகிறீர்களா?" என்றார்.

நான் தயங்கினேன். ஒன்பது வருஷம் கை விட்டுப்போயிருக்கிறது. வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலே கண் தடுமாறுகிறது. அதைவிட இன்னொன்றும் மனதில் இருந்தது. இந்த .577 என்ற அளவு நம் மக்களைச் சுட்ட அளவு. அதற்கு நான் எதற்குத் தோட்டா கடைய வேண்டும்?

அப்போது அந்த அச்சைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அதன்மேல் வரிசையாக மெல்லிய அலைக் கோடுகள். எந்த டர்னருக்கும் தெரியும், டூல் நடுங்கினால் விழும் கோடு அது. மெஷின் ஆட்டம் கண்டிருக்க வேண்டும், அல்லது டூல் மழுங்கியிருக்க வேண்டும், அல்லது அன்றைக்கு வேலைக்காரருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்க வேண்டும். 130 வருஷத்துக்கு முன்னால் நேபாளத்தில் ஒருவர் ஒரு குழலின் அறையைக் கடைந்தபோது அவர் கை நடுங்கிய நடுக்கம் அப்படியே என் உள்ளங்கையில் இருந்தது. அவருடைய பெயர் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. ஜெனரலின் பெயர்தான் துப்பாக்கிக்கு. ஆனால் கோடு ஜெனரலுடையது அல்ல.

முக்கால் அங்குலப் பித்தளை ராடு ஒன்றை எடுத்துச் சக்கில் மாட்டினேன். கடைசல் பித்தளை தோட்டாப் பித்தளை மாதிரி இழுபடாது. கொஞ்சம் ஈயம் கலந்திருப்பதால் ஊசி ஊசியாகத் தெறிக்கும். முதல் வெட்டில் கை நடுங்கியது உண்மை. இரண்டாவது வெட்டில் நின்றுவிட்டது. விளிம்பு, உடம்பு, தோள், கழுத்து. அச்சில் எங்கெல்லாம் அளவு புத்தகத்திலிருந்து விலகியிருந்ததோ அங்கெல்லாம் நானும் விலகிப் போனேன். புத்தகத்து அளவுக்குச் செய்தால் அது வேறு யாருடைய துப்பாக்கிக்கோ ஆகிவிடும். ஒரு மத்தியானம் பூராவும் ஆனது. அந்தக் குட்டி லேத்தில் ஒரு தடவைக்குப் பத்து தவ்வுக்கு மேல் எடுத்தால் முனகுகிறது. வயசான மாடு மாதிரி பக்குவமாக ஓட்ட வேண்டும்.

பெரியவர் லீவரை இறக்கினார். நான் தோட்டாவை உள்ளே விட்டேன். சத்தமே இல்லாமல் போய் உட்கார்ந்தது. லீவரை ஏற்றியதும் 'டிக்' என்று மூடிக்கொண்டது. நாங்கள் இரண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒன்றும் பேசவில்லை.

"ஞாபகத்துக்கு ஒன்று செய்து ஊருக்கு எடுத்துப் போங்களேன்" என்றார். ஏர்போர்ட்டில் பையில் தோட்டா மாதிரி ஏதாவது தென்பட்டால் என்ன ஆகும் என்று சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அதனால் என் வேலை ஒஹாயோவிலேயே, அந்தப் பெயர் தெரியாத நேபாளக்காரரின் வேலைக்குள்ளேயே இருக்கிறது. அது இருக்க வேண்டிய இடமும் அதுதான்.

ஊர் திரும்பியதும் பரணில் இருந்த என் டூல் பெட்டியை இறக்கி வைத்தேன். மைக்ரோமீட்டரில் லேசாகத் துரு. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து எடுத்திருக்கிறேன். "இனிமேல் எதற்கு இதெல்லாம்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். பதில் சொல்லவில்லை. பேரன் அடுத்த லீவுக்கு வரும்போது ஒரு பம்பரத்தில் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்.